எருவையும் சமுதாயமும்: கழிவகற்றும் பறவைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

முற்போக்கு இலக்கிய மேடைகளிலே நெடுங்காலம் வழங்கிவரும் உருவகங்களுள் ஒன்று ‘பிணந்தின்னிக் கழுகு’ என்பதாகும். கந்துவட்டிக்காரனும் கள்ளச்சந்தை வியாபாரியும் ஆயுத வணிகனும் ஏகாதிபத்திய வல்லரசும் இப்பெயராலே சுட்டப்பட்டு வந்துள்ளனர். கவியரங்கிலும் துண்டுப்பிரசுரத்திலும் கேலிச்சித்திரத்திலும் கூனிய தோளும் மயிரற்ற தலையுமாக அமர்ந்திருக்கும் அப்பறவையைக் கண்டதும், அது யாரைக் குறிக்கின்றது என்பதை வாசகர் உணர்ந்துகொள்வர். வழக்கில் ஊறிவிட்ட உருவகத்தை எவரும் விளக்குவதில்லை; அது பொருத்தமானதுதானா என்று வினவுவதும் இல்லை.

அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உருவகங்கள் வானத்திலிருந்து வீழ்வனவல்ல. ஒரு சமுதாயம் எவ்வகை உழைப்பைப் போற்றுகின்றது, எவ்வகை உழைப்பை இழிவென ஒதுக்குகின்றது என்பதன் தடயங்களை அவை தம்முள் கொண்டுள்ளன. இந்தியத் துணைக்கண்டத்திலே 1990களில் கழுகினத்துக்கு நேர்ந்த பேரழிவும், அதனைத் தொடர்ந்து ஏற்பட்ட மனித உயிரிழப்பும் இத்தடயங்களை மீண்டும் ஆராயும் தேவையை ஏற்படுத்தியுள்ளன. இலக்கியச் சான்றுகளில் தொடங்கி, கழிவகற்றும் உழைப்பின் பொருளாதாரத்தை நோக்கி, ஈற்றில் கழுகே இல்லாத நமது கண்டிப் பிரதேசத்தின் நிலைமையை ஆராய்வோம்.

2

முதலிற் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். பழந்தமிழில் எருவை, பாறு, கழுகு, பருந்து என்னும் சொற்கள் தனித்தனியே வழங்கின. இன்றைய வழக்கிலோ ‘கழுகு’ என்னும் ஒரு சொல் உயிருள்ள இரையை வேட்டையாடும் பெரும் பறவைகளையும், இறந்தவற்றை மட்டும் உண்டு வாழும் பறவைகளையும் வேறுபாடின்றிக் குறிக்கின்றது. ஈழத்து எழுத்திலே ‘வல்லூறு’ என்ற சொல்லும் இதே பொருளில் ஆளப்படுகின்றது. உண்மையில் வல்லூறு ஒரு வேட்டைப் பறவை. கொல்பவனுக்கும் கொல்லப்பட்டதை அப்புறப்படுத்துபவனுக்கும் ஒரே பெயர் வழங்கத் தொடங்கியபோதே உருவகக் குழப்பத்துக்கும் வித்திடப்பட்டுவிட்டது எனலாம். தமிழ்நாட்டில் இப்பறவைகளின் பாதுகாப்புக்காக உழைப்போர் ‘பிணந்தின்னி’ என்ற அடையை நீக்கி, ‘பாறு’ என்னும் பழஞ்சொல்லை மீட்டெடுத்திருப்பது இவ்வகையில் வரவேற்கத்தக்கதாகும். நாமும் இக்கட்டுரையில் அச்சொல்லையே கையாளுவோம்.

சங்கப் புலவர் இப்பறவைகளைக் கூர்ந்து நோக்கினர் என்பதில் ஐயமில்லை. எருவையின் செவிப்புறம் சிவந்திருப்பதை அவர்கள் குறித்துள்ளனர். இன்று செந்தலைப் பாறு எனப்படும் பறவையின் தலையிலும் கழுத்தோரத்திலும் தொங்கும் செந்நிறத் தோல் மடிப்புகளை அறிந்தோர் அக்குறிப்பின் நுட்பத்தை உணர்வர். சங்க இலக்கியப் புள்ளினங்களை உயிரியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்த பி. எல். சாமியின் பணி இத்துறையில் முன்னோடியானது.

எனினும் புலவர் இப்பறவையை எங்கே கண்டனர் என்பது நோக்கத்தக்கது. புறத்திணைச் செய்யுட்களில் அது பெரிதும் போர்க்களத்துக்கு உரியது. அகத்திணையிலோ பாலை நிலத்துக்கு உரியது. ஆறலை கள்வரால் வீழ்த்தப்பட்ட வழிச்செல்வோரின் உடல்மீது வட்டமிடுவது. பேராசிரியர் க. கைலாசபதி வீரயுகமெனக் கொண்ட அக்காலப்பகுதியிலே ஆநிரையே செல்வம். நிரை கவர்தலும் மீட்டலும் வெட்சியும் கரந்தையுமாகப் பாடப்பெற்றன. கால்நடையே செல்வமாக இருந்த சமுதாயத்தில் கால்நடையின் சடலமும் அன்றாட நிகழ்ச்சியாகவே இருந்திருக்கும். முதுமையாலும் நோயாலும் இறந்த மாடுகளைப் பாறுகள் நாள்தோறும் அகற்றியிருக்கும். ஆயின் அவ்வன்றாட உழைப்பு பாடுபொருளாகவில்லை. வீரன் வீழ்ந்த களத்திலே, வணிகன் மாண்ட சுரத்திலே, அச்சத்தின் அடையாளமாகத் தோன்றும்போதே பெரும்பாலும் அப்பறவை செய்யுளுக்குள் நுழைகின்றது. முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டாரின் பரணியில் இவ்வச்சச் சுவை உச்சத்தை அடைகின்றது. களத்தைப் பிணக்காடாக்கியவன் புகழ் பெறுகின்றான். அதனைத் தூய்மை செய்தது அருவருப்பைப் பெறுகின்றது. நிலவுடைமைப் பேரரசின் இலக்கியக் கண்ணோட்டம் இதுவே.

3

இதற்கு மாறான மரபொன்றும் இருந்தது. இராமகாதையிற் சடாயு தசரதனின் தோழன். சீதையைக் கவர்ந்து செல்லும் அரசனைத் தனித்து நின்று எதிர்த்து உயிர்விடுபவன். இராமன் தந்தைக்குச் செய்வதுபோல் அவனுக்கு ஈமக்கடன் செய்கின்றான். பிணத்தை உண்ணும் இனத்தைச் சேர்ந்த பறவைக்கு அரச குமாரன் மகன்முறைக் கடன் ஆற்றுவதென்பது சாதாரணமான கற்பனையன்று. அவன் தமையன் சம்பாதியோ தென்கரையிலிருந்தே இலங்கையைக் கண்டு வானரர்க்கு வழிசொல்பவன். பாறுகளின் கூரிய பார்வையை அறிந்த மக்களிடமிருந்தே இக்கதைக்கூறு பிறந்திருத்தல் வேண்டும். புராதன குலக்குழுக்களின் விலங்கு, பறவை வழிபாட்டு எச்சங்களை இவற்றிற் காணலாம் எனக் கருதுவது தவறாகாது.

செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள திருக்கழுக்குன்றத்தின் பெயரே இம்மரபுக்குச் சான்றாகும். தேவார மூவரும் பாடிய அத்தலத்திலே, குன்றின்மீது நண்பகலில் வந்திறங்கும் இரு பறவைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அவை வெண்ணிறங்கொண்ட மஞ்சள்முகப் பாறுகள். அவற்றைக் காணவே யாத்திரிகர் திரண்டனர். 1990களின் இறுதியளவில் அப்பறவைகள் வருவது நின்றுபோயிற்று. பறவை தெய்வமாக்கப்பட்ட இடத்திலும் பறவை காப்பாற்றப்படவில்லை. வழிபாடு வேறு, வாழ்வுக்கான சூழலைப் பேணுதல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

மும்பாய் மலபார் குன்றில் இறந்தோரைப் பாறுகளுக்கு அளிக்கும் பார்சி மக்களின் மரபும் அதே பத்தாண்டுகளில் நெருக்கடிக்குள்ளாயிற்று. பறவைகள் மறைந்தமையால் உடல்களை உலர்த்தச் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகள் அங்கு பொருத்தப்பட்டன. பல நூற்றாண்டுகள் ஊதியமின்றிச் செய்யப்பட்ட வேலையின் அருமை, அது நின்றபின்னரே புலப்பட்டது.

4

அவ்வேலைதான் யாது? பாறுக் கூட்டமொன்று பெரிய மாட்டின் சடலத்தை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிட வல்லது. அப்பறவையின் இரைப்பை அமிலம் மிக்க வீரியமுடையது; அடைப்பான் முதலிய கொடிய நோய்க்கிருமிகளும் அதில் அழிந்துபோகும். தலையிலும் கழுத்திலும் இறகு குறைந்திருப்பது, கேலிச்சித்திரக்காரர் கருதுவதுபோல் அவலட்சணமன்று. சடலத்தினுள் தலையை நுழைத்தபின்னும் தூய்மையாக இருப்பதற்கு உதவுவது. உயிருள்ளதைக் கொல்வதற்கான வலிய நகங்கள் பாறுக்கு இல்லை. அது பிறர் உயிரைப் பறித்து வாழ்வதன்று.

இந்தியக் கிராமப் பொருளாதாரத்தில் இவ்வேலை மனித உழைப்புடன் இணைந்த ஒரு தொடராக அமைந்திருந்தது. மாடு இறந்ததும் அதனை ஊர்ப்புறத்துக்கு இழுத்துச் சென்று தோலுரித்தவர்கள் தீண்டாமைக்குள்ளாக்கப்பட்ட மக்கள். தசையை அகற்றியவை பாறுகள். எஞ்சிய எலும்பைப் பொறுக்கி உரத்துக்கும் பசைக்கும் விற்றவர்கள் நிலமற்ற ஏழைகள். இத்தொடரின் ஒவ்வொரு கண்ணியும் ஊருக்கு இன்றியமையாதது. ஒவ்வொன்றும் ஊரால் இழிவெனத் தள்ளப்பட்டது. பிணத்தைத் தொட்டமைக்காக மனிதனை ஊருக்கு வெளியே நிறுத்திய அதே சிந்தனைதான், பிணத்தை உண்டமைக்காகப் பறவையை வசைச்சொல்லாக்கியது. தூய்மையை அனுபவிப்பவன் உயர்ந்தோன், தூய்மையை உண்டாக்குபவன் இழிந்தோன் என்னும் தலைகீழான நியாயம் இரண்டுக்கும் பொதுவானது.

நவீன இலக்கியம் இத்தொடரின் மனிதக் கண்ணிகளை ஓரளவு மீட்டெடுத்தது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் மலையாளத்தில் எழுதி, சுந்தர ராமசாமி தமிழாக்கிய ‘தோட்டியின் மகன்’ நகரத்தின் கழிவைச் சுமந்த மனிதனைக் கதாநாயகனாக்கியது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பின் அடித்தளத்தை வெளிச்சமிட்டது. ஆயினும் பறவைக் கண்ணி வசைச்சொல்லாகவே எஞ்சியது.

5

1980களில் வெண்முதுகுப் பாறு உலகிலேயே எண்ணிக்கை மிகுந்த பெரிய ஊனுண்ணிப் பறவைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. 1990களில் இராசத்தானத்துப் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவிலே அவை கூட்டங்கூட்டமாக மறைவதை விபு பிரகாஷ் என்னும் ஆய்வாளர் பதிவுசெய்தார். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் தொகை 99.9 சதவீதம் வீழ்ச்சியுற்றதென மதிப்பிடப்பட்டுள்ளது. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய இனமும் ஏறத்தாழ 97 சதவீதம் குறைந்தன. ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று எஞ்சியது.

காரணம் 2004இல் வெளிப்பட்டது. லிண்ட்சே ஓக்சும் அவர்தம் குழுவினரும் பாகிஸ்தானில் நடத்திய ஆய்வு, டைக்ளோபெனாக் என்னும் வலிநிவாரணியைக் குற்றவாளியாக இனங்கண்டது. மருந்தூட்டிய சிறிது காலத்துள் இறந்த மாட்டை உண்ட பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் யூரிக் அமிலத்தாற் படிந்து, சில நாட்களில் அவை மாண்டன. நூறு சடலங்களில் ஒன்றிற்கும் குறைவானதில் நஞ்சிருப்பினும் இனமழிவுக்குப் போதுமெனப் பின்வந்த கணிப்புகள் காட்டின. ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டும் இடும் பறவை இத்தகைய இழப்பை ஈடுசெய்ய இயலாது.

இங்கு கேட்கவேண்டியது, யார் அம்மருந்தைக் கொடுத்தார் என்பதைவிட, அது ஏன் திடீரெனக் கிராமந்தோறும் பரவியது என்பதேயாகும். சீபா-கெய்கி என்னும் சுவிற்சர்லாந்து நிறுவனம் உருவாக்கிய இம்மருந்து மனிதருக்கென 1970கள் முதல் வழங்கியது. 1990களில் காப்புரிமை காலாவதியானபின் பல உற்பத்தியாளர் போட்டியிட்டு மலிவாகத் தயாரித்தமையால், அது மிருக வைத்தியத்துள் நுழைந்தது. ஏரிழுக்கும் ஒரே எருதின் வலியைக் குறைத்து மறுநாளும் உழவேண்டியிருந்த ஏழை விவசாயிக்கு அது எட்டும் விலையிற் கிடைத்தது. அவனைக் குற்றஞ்சாட்டுவதில் அர்த்தமில்லை. பண்டத்தின் விலையிலே அதன் உற்பத்திச் செலவும் இலாபமும் இருந்தன. பாறுகளின் வேலை இழக்கப்படுவதனால் வரும் செலவு எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. முதலாளித்துவச் சந்தை இயற்கையின் உழைப்பை இலவசக் கொடையாகக் கொள்கின்றது என்பதற்கு இஃது ஒரு பாடநூல் உதாரணமாகும்.

அச்செலவை ஈற்றிற் செலுத்தியவர் யார்? சடலங்கள் ஊர்ப்புறங்களில் அழுகின, நாய்கள் பெருகின. மார்க்கண்டேயாவும் பிறரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, 1992க்குப் பின் இந்தியாவில் நாய்களின் தொகை குறைந்தது 55 இலட்சம் அதிகரித்ததெனவும், 2006 வரையில் ஏறத்தாழ 48,000 பேர் விசர்நாய்க்கடியால் மேலதிகமாக இறந்தனரெனவும் கணித்தது. ஈயல் பிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியலாளர் 2024இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. பாறுகள் முன்பு மிகுந்திருந்த மாவட்டங்களை ஏனையவற்றோடு ஒப்பிட்ட அவர்கள், 2000 முதல் 2005 வரையான காலத்தில் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் மேலதிக மரணங்கள் நேர்ந்தன எனக் கண்டனர். நாய் கடித்ததும் தடுப்பூசி வாங்க இயலாதவர், குடிநீரைக் காய்ச்ச விறகில்லாதவர், சடலம் கொட்டும் இடத்தருகே குடிசை போட்டவர் ஆகியோரே இத்தகைய நோய்களுக்கு முதலிற் பலியாவோர். இயற்கையின்மீது நாம் பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் அது பழிவாங்குகின்றதென 1876இல் எங்கெல்ஸ் எழுதியது நினைவிற்கொள்ளத்தக்கது. ஆயின் அப்பழி எல்லா வர்க்கத்தினர்மீதும் சமமாக விழுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

2006இல் இந்திய அரசு மிருக வைத்தியத்தில் டைக்ளோபெனாக்கைத் தடைசெய்தது. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலொக்சிக்காம் மாற்றாகக் கண்டறியப்பட்டது. எனினும் மனிதருக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்குப் பயன்பட்டு வந்தமையால், 2015இல் புட்டியின் அளவு 3 மில்லிலீற்றராகக் கட்டுப்படுத்தப்பட்டது. உற்பத்தியாளர் அதனையும் எதிர்த்து வழக்காடினர். 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. கீற்றோபுரோபென், அசெக்ளோபெனாக் ஆகியன கால்நடைகளுக்குத் தடைசெய்யப்படுவதற்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மருந்தை விலக்கியதும் அதேபோன்ற இன்னொன்று சந்தைக்கு வரும் இப்போக்கு, தனித்தனிப் பண்டங்களைத் தடைசெய்வதன் எல்லையைக் காட்டுகின்றது. விற்பனைக்கு முன்னரே ஒரு மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றதென நிறுவப்படல் வேண்டும் என்ற விதியே இதற்குத் தீர்வாகும்.

தமிழ்நாட்டில் நீலகிரிச் சரிவை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கு தென்னிந்தியப் பாறுகளின் கடைசிப் பெரும் புகலிடம். தமிழ்நாடும் கேரளமும் கருநாடகமும் சேர்ந்து அண்மையில் நடத்திய கணக்கெடுப்புகளில் சில நூறு பறவைகளே காணப்பட்டன. 2022இல் தமிழக அரசு இவற்றுக்கென மாநிலக் குழுவொன்றை அமைத்தது. அப்பள்ளத்தாக்கு இருளரும் குறும்பரும் வாழும் நிலமுமாகும். மாட்டைப் புலிக்கு இழந்தவன் சினத்தால் சடலத்தில் நஞ்சிட்டால் புலியோடு பாறும் மடியும். உரிய இழப்பீடு உரிய காலத்திற் கிடைப்பதே அந்நஞ்சுக்கு மாற்று. மக்களை வெளியேற்றும் பாதுகாப்பு பாறுகளையும் காவாது.

6

இனி நமது பிரதேசத்தை நோக்குவோம். இலங்கையிற் பாறுகள் நிலையாக வாழ்வதில்லை. மஞ்சள்முகப் பாறு எப்போதேனும் வழிதவறி வரும் அரிய விருந்தாளி மட்டுமே. வெப்பக் காற்றோட்டத்தின்மீது மிதந்து பறக்கும் இப்பெரும் பறவைகளுக்குக் கடலின்மேல் அத்தகைய காற்றோட்டம் போதியளவு கிடைப்பதில்லை என்பது இதற்கு ஒரு விளக்கமாகலாம். இலங்கையைக் கண்ட சம்பாதியின் இனம் இலங்கையிற் குடியேறவில்லை.

அவ்வாறாயின் இங்கு அவ்வேலையைச் செய்வோர் யார்? பறவைகளுட் காகங்களும் செம்பருந்துகளும் செய்கின்றன. கண்டி வாவிக்கரை மரங்களில் மாலைதோறும் அடையும் காகங்கள் பகலிற் சந்தைகளையும் குப்பைமேடுகளையும் துழாவுபவை. பிதிர்களின் பெயரால் அதற்குச் சோறிடுவோர், அதே காகம் குப்பையைக் கிளறும்போது கல்லெறிவர். எனினும் காகத்தால் மாட்டின் சடலத்தை அகற்ற இயலாது. பெருநகரின் கழிவையும் அகற்ற இயலாது. அவ்வேலை மனிதர்மீது சுமத்தப்பட்டது. 1865இல் மாநகர சபை பெற்ற கண்டியின் வீதிகளைக் கூட்டவும் மலங்கழிவை அள்ளவும் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மஹியாவக் குடியிருப்பில் வாழும் அவர்தம் வழித்தோன்றல்கள், நகரின் மையத்திலிருந்தும் நகரால் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது இவர்களும் அதற்கு இரையாயினர். ஊரைத் துப்புரவாக்கும் கையை வைத்துக்கொண்டு, அக்கைக்குரிய மனிதனை ஊரவனல்லன் என்று கூறிய முரண்பாடு அது.

அகற்றப்பட்ட கழிவு எங்கே சென்றது? பல பத்தாண்டுகளாக அது மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொடையிற் கொட்டப்பட்டது. அதன் கசிவுநீர் ஆற்றை நோக்கி இறங்கியது. அதே ஆறு வளைந்து குண்டசாலைப் பக்கமாகப் பாய்ந்து விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடைகின்றது. நகருக்குக் கிழக்கே ஆற்றுக்கு அப்பாலுள்ள பல்லேகல, கண்டி நெரிசலின் வடிகாலாக வளர்ந்த பிரதேசம். கைத்தொழிற் பேட்டை அமைந்தது. 2009இற் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் எழுந்தது. 2014இற் போகம்பரைச் சிறைச்சாலை அங்கு இடம்மாற்றப்பட்டது. நகரம் தனக்கு இடைஞ்சலானவற்றைப் புறத்தே தள்ளும்போது, தன் கழிவையும் உடன் தள்ளுகின்றது. பெருங்கைத்தொழிலும் பெருநகரும் மண்ணுக்கும் மனிதனுக்குமிடையிலான பொருட்சுழற்சியை முறிக்கின்றன என மாக்ஸ் கூறியது, ஆறு வழியே கீழிறங்கி நோக்குவோர்க்குக் கண்கூடு. 2017 ஏப்பிரல் 14இல் கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதும் இதே முறிவின் விளைவேயாகும்.

ஆயின் இலங்கை அனுபவத்தில் நம்பிக்கையளிக்கும் கூறொன்றும் உண்டு. 1973இல் இந்நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசியும், கடியுண்டோர்க்கு அரச வைத்தியசாலைகளில் இலவச மருந்தும் வழங்கப்பட்டமையால் அத்தொகை பின்னர் ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்தது. பாறுகளில்லாத தீவிலே பொதுச் சுகாதார சேவை அவற்றின் பணியில் ஒரு பகுதியை ஏற்றது. இயற்கை இலவசமாகச் செய்ததைச் சந்தை செய்யவில்லை. மக்கள் போராடிப் பெற்ற இலவச சுகாதாரமே செய்தது.

7

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடையளிக்கலாம். மாக்ஸ் மூலதனத்தை உருவகிக்கத் தேர்ந்தது உயிருள்ளோரின் இரத்தத்தை உறிஞ்சும் பேயை. மூலதனம் இறந்த உழைப்பு. அது உயிருள்ள உழைப்பை உறிஞ்சியே வாழ்கின்றது என்பது அவர் கருத்து. பாறு இதற்கு நேர்மாறானது. அது உயிருள்ள எதையும் உறிஞ்சுவதில்லை. இறந்ததை உயிருலகின் சுழற்சிக்குத் திருப்பியளிக்கின்றது. கந்துவட்டிக்காரன் கடனாளி இறக்கும்வரை காத்திருப்பதில்லை. ஆகவே சுரண்டுவோனைப் பாறு என்றழைப்பது சுரண்டுவோனுக்குப் பெருமையும் பாறுக்கு அவதூறுமாகும். கோட்பாட்டளவில் அது தவறு; வர்க்க நோக்கிலும் தவறு. ஏனெனில் கழிவகற்றுவோன்மீது ஆளும் சாதிகள் கொண்ட அருவருப்பை அவ்வுருவகம் தன்னையறியாது சுமந்து வருகின்றது.

பாறுகளின் பாதுகாப்பு ஓய்வுநேரப் பறவை ஆர்வலரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. எம்மருந்து சந்தைக்கு வரலாம் என்பதை யார் தீர்மானிப்பது, கழிவை யார் அகற்றுவது, அவ்வுழைப்புக்கு என்ன ஊதியம், என்ன மதிப்பு என்னும் வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. மோயாற்றில் எஞ்சியுள்ள பறவைகளும் மஹியாவவில் விடியுமுன் துடைப்பமேந்திப் புறப்படும் தொழிலாளரும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். அப்பறவையின் பெயரை வசைப்பட்டியலிலிருந்து நீக்குவது சிறிய செயல்தான். எனினும் இழிவெனத் தள்ளப்பட்ட உழைப்பனைத்தையும் மீள மதிப்பிடும் பெரும்பணியில், எழுத்தாளர் தம் கைக்கு எட்டிய அளவிற் செய்யக்கூடிய முதற் காரியம் அதுவேயாகும்.